2,312 பவுனும் ஒரு தாடிக்காரரும்

கோப்லென்ஸ், ஜெர்மனி

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் செல்வி எழுதுவது. அத்தையின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? உங்கள் அக்கா, அதாவது என் அம்மா, இங்கு வந்து இறங்கிய நாள் முதல் சௌக்கியமாகவே இருக்கிறார். அவஸ்தைப்படுவது இந்த ஊர்க்காரர்கள்தான். படிக்கட்டில் எதிர்ப்படுகிற பக்கத்து வீட்டுப் பாட்டியை நிறுத்தி, "சாப்டாச்சுங்களா?" என்று தமிழில் கேட்கிறார். அந்த அம்மாளும் ஜெர்மன் மொழியில் வானிலை அறிக்கை வாசிக்கிறார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பிரிகிறார்கள். இத்தனை வருடம் இருந்தும் எனக்கு அவரோடு இந்த அளவு பழக்கம் ஏற்படவில்லை.

நீங்கள் போன் பண்ணும்போதெல்லாம் கேட்பீர்களே, "அவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு தோழர் மார்க்ஸ் பொறந்த ஊரைப் பாக்கலியா?" என்று. பார்த்தாயிற்று. ஊர் பெயர் ட்ரியர். எங்கள் ஊரிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். போன இடத்தில் தோழர் ஒரே ஒருவர்தான், மாமா. திரும்பின பக்கமெல்லாம் ரோமானியர்கள். போனில் சொன்னால், "எழுதி அனுப்பு, சங்கத்துல படிக்கோணும்" என்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். சங்கத்தில் படிக்கும்போது உங்கள் அக்கா வருகிற இடங்களைத் தாண்டிவிடுங்கள். அப்படித் தாண்டினால் படிக்க எவ்வளவு மிஞ்சும் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். இந்த நாட்டில் ஞாயிறு என்றால் கடை கிடையாது. உழைப்பவனுக்கு ஓய்வு நாள் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தக்காளி வாங்க மறந்தால் திங்கட்கிழமை வரை ரசம் இல்லை. நீங்கள் கேட்டால் கைதட்டுவீர்கள். உங்கள் அக்கா, "ஊரே எழவு விழுந்தாப்புல கெடக்குதே" என்கிறார். அன்றைக்குத் திறந்திருப்பது தேவாலயங்களும் அருங்காட்சியகங்களும்தான். செத்துப்போன ரோமானியர்களுக்கு மட்டும் ஓய்வு கிடையாது.

இந்த மாநிலத்தில் ஒரு நாள் பயணச்சீட்டு ஒன்று உண்டு. ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை நாள் முழுக்க ஊர் சுற்றலாம். நான், இவர், பெரியவன், சின்னவள், அம்மா என்று கணக்காக ஐந்து பேர். அம்மா பட்டுச்சேலை, அதற்குக் கீழே ஓடுகிற ஷூ, தலையில் குரங்குக் குல்லா. மே மாதம், வெயில் அடிக்கிறது, குல்லா வேண்டாம் என்றால், "காது வழியாத்தாண்டி குளிர் ஏறும்" என்று சொல்லிவிட்டார். புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், இரண்டு லிட்டர் தண்ணீர், நெல்லிக்காய் ஊறுகாய். ஒரு படையெடுப்புக்கு வேண்டியதெல்லாம் பையில் இருந்தது.

ரயில் பாதி வழி மோசெல் ஆற்றை ஒட்டியே போகிறது. இரண்டு பக்கமும் மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம். சரிவு என்றால் சாதாரணச் சரிவு இல்லை. ஆள் நிற்கவே கயிறு வேண்டும். இந்த ஆற்றங்கரைக்குத் திராட்சையைக் கொண்டு வந்ததே ரோமானியர்கள்தான். அம்மா ஜன்னலில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, "இதுல யாரு ஏறி வேலை செய்யறாங்க? என்ன கூலி குடுப்பாங்க?" என்று கேட்டார். மாமா, இது உங்கள் ரத்தம்தான் என்று அப்போதே உறுதியானது. சொன்னால் சந்தோஷப்படுவீர்கள்: மார்க்ஸ் இருபத்து நாலு வயதில் பத்திரிகைக்காரராக இருந்தபோது எழுதிய முக்கியமான கட்டுரைகளில் ஒன்று இந்த மோசெல் திராட்சை விவசாயிகள் படுகிற பாட்டைப் பற்றித்தான். 1843 ஜனவரியில் வந்தது. அந்த வசந்த காலத்திலேயே பிரஷ்ய அரசு பத்திரிகையை மூடிவிட்டது. அம்மாவின் கேள்விக்கு அன்றும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ட்ரியரில் இறங்கியதும் முதல் காரியம் கழிப்பறை. போகிற வழியில் ஓர் இடத்தில் நுழைவதற்கு 50 செண்ட் கேட்டார்கள். அம்மா அதை ரூபாயாக மாற்றினார். வெளிநாட்டுக்கு வருகிற எல்லாத் தாய்மார்களுக்கும் இந்தக் கணக்கு இயந்திரம் உள்ளேயே பொருத்தி வருகிறது. "அம்பது ரூவாயா! இதுக்கா!" என்று திரும்பி நடந்தவரைப் பிடித்து இழுத்து வர வேண்டியதாயிற்று. இவர் சும்மா இருக்காமல், "அத்தை, வெஸ்பாசியன்னு ஒரு ரோமானியச் சக்கரவர்த்தி, சிறுநீருக்கே வரி போட்டாருங்க" என்றார். உண்மைதான். சலவைக்கும் தோல் பதனிடவும் சிறுநீரை வாங்குவார்களாம், அதற்கு வரி. "அவன் நல்லா இருப்பானா" என்று சபித்துவிட்டுத்தான் அம்மா உள்ளே போனார். அந்தச் சக்கரவர்த்தியைப் பிற்பகலில் நேரிலேயே சந்திக்கப் போகிறோம் என்று அப்போது தெரியாது.

நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் போர்ட்டா நிக்ரா. கறுப்பு வாசல் என்று அர்த்தம். ரோமானியர் காலத்து ஊர்க்கோட்டையின் வடக்கு வாசல். கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரம். பெரிய கற்கள் ஆறு டன் வரை இருக்குமாம். சுண்ணாம்பு, சாந்து எதுவும் கிடையாது. கல்லுக்குக் கல் இரும்புப் பட்டை கொடுத்து ஈயம் ஊற்றி நிறுத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் கோட்டைச் சுவரின் அஸ்திவாரத்தில் கிடைத்த மரத்தின் வளையங்களை எண்ணி, கட்டியது கி.பி. 170 வாக்கில் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கல்லின் சொந்த நிறம் வெளிர் மஞ்சள் கலந்த சாம்பல். காற்றும் மழையும் புகையும் பட்டுக் கறுத்துவிட்டது.

அம்மா அண்ணாந்து பார்த்தார். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஏங்கண்ணு, இத்தனை பெருசாக் கட்டிப்போட்டு இப்படிக் கன்னங்கரேல்னு வெச்சிருக்காங்களே, ஒரு வெள்ளையடிச்சுக் கும்பாபிசேகம் பண்ணப்படாதா?" என்றார். இவர் பொறியாளர் முறைப்படி, பழமையை அப்படியே காப்பாற்றுவது பற்றி விளக்கம் ஆரம்பித்தார். "அப்புடி அப்புடியே வெச்சிருந்தா எதுக்கு டிக்கெட்டு?" என்பது அம்மாவின் அடுத்த கேள்வி. இவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

கல்லெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தது. துப்பாக்கிச் சூடா என்று பெரியவன் ஆவலோடு கேட்டான். இல்லை. ரோமானியர்கள் போன பிறகு ஊர்க்காரர்கள் வந்து, கல்லுக்கு நடுவில் இருந்த இரும்பையும் ஈயத்தையும் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழக்காரர் ஐரோப்பாவிலும் தெருத்தெருவாக வந்திருக்கிறார், மாமா.

இத்தனைக்கும் இந்த ஒரு வாசல் மட்டும் எப்படிப் பிழைத்தது என்பதுதான் கதை. ஊருக்கு இருந்த மற்ற வாசல்களையெல்லாம் கல் கல்லாகப் பெயர்த்து வீடு கட்டிவிட்டார்கள். இதற்குள் மட்டும் 1030 வாக்கில் சிமியோன் என்று ஒரு கிரேக்கத் துறவி வந்து குடியேறினார். கோபுரத்து அறை ஒன்றுக்குள் போய், வெளியே சுவர் வைத்து அடைக்கச் சொல்லிவிட்டு, 1035-ல் இறக்கும்வரை உள்ளேயே இருந்தார். அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. சாமியார் இருந்த இடத்தை யார் இடிப்பது? பொப்போ என்ற பேராயர் வாசலையே மாடி வைத்த தேவாலயமாக மாற்றிவிட்டார். மேல் தளம் துறவிகளுக்கு, கீழ்த் தளம் ஜனங்களுக்கு. பிறகு 1804-ல் நெப்போலியன் வந்தான். தேவாலயத்தைப் பிரித்தெடுங்கள், பழைய ரோமானிய வாசல் வெளியே தெரியட்டும் என்று உத்தரவு. அப்படிப் பிரித்துப் பிரித்து மிஞ்சியதுதான் நாங்கள் பார்த்தது. ஒரு பக்கம் தேவாலயத்தின் அரைவட்டச் சுவர் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு எங்கள் குளிர்பெட்டிதான் நினைவுக்கு வந்தது. அதைத் திறந்தால் ஐந்து தயிர் டப்பா இருக்கும். ஒன்றில்தான் தயிர். மற்றதில் இட்லி மாவு, மிளகாய்ப்பொடி, நேற்றைய சாம்பார், கொத்தமல்லி. டப்பாவைத் தூக்கிப் போட அம்மா விடுவதில்லை. இவர் தயிர் என்று நினைத்து இட்லி மாவைச் சாதத்தில் ஊற்றிக்கொண்ட சம்பவம் எங்கள் வீட்டு வரலாற்றில் உண்டு. ட்ரியர் நகரமே அந்தக் குளிர்பெட்டிதான், மாமா. உள்ளே எதையாவது போட்டு வைத்த டப்பாவெல்லாம் தப்பித்தது. காலியாக இருந்தது குப்பைக்குப் போனது. நாள் முழுக்க எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் இதே சங்கதிதான் திரும்பத் திரும்ப வந்தது. பாதுகாப்பு, பாரம்பரியம் என்றெல்லாம் பேச ஆரம்பித்தது நேற்றைக்கு. யுனெஸ்கோ இந்த ஊரைத் தன் பட்டியலில் சேர்த்ததே 1986-ல்தான். அதற்கு முந்தின பல நூற்றாண்டுகள் இவற்றைக் காப்பாற்றியது அம்மாவின் கொள்கை.

வாசலுக்குப் பக்கத்திலேயே உங்கள் ஆள் நிற்கிறார். 2018-ல் அவருடைய 200-வது பிறந்த நாளுக்குச் சீனா அன்பளிப்பாகக் கொடுத்த வெண்கலச் சிலை. பீடத்தோடு சேர்த்து ஐந்தரை மீட்டர் உயரம், 2.3 டன். கையில் புத்தகம், நீளக் கோட்டு, ஏதோ அவசர வேலையாக நடந்துபோகிற தோரணை. சிலை வைக்கலாமா கூடாதா என்று ஊரில் அப்போது பெரிய சண்டை நடந்திருக்கிறது. அம்மாவுக்கு அந்தச் சண்டையெல்லாம் தெரியாது. ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "இது நம்ம தம்பி வீட்டு நடையில மாட்டியிருக்கிற தாடிக்காரரல்ல?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்த நொடி செருப்பை, அதாவது ஷூவை, கழற்ற ஆரம்பித்துவிட்டார். நான் தடுப்பதற்குள் கை கூப்பியாயிற்று. கன்னத்தில் போட்டுக்கொண்டாயிற்று. குற்றம் அம்மா மேல் இல்லை, மாமா. ஆயுத பூஜைக்கு உங்கள் மார்க்ஸுக்கும் சந்தனப்பொட்டு வைத்துச் சாமந்திப் பூ மாலை போடுவது யார்? அத்தையைக் கேளுங்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அருகில் நின்றிருந்த ஒரு சீனக் குடும்பம் அம்மாவைப் படம் எடுத்தது. பட்டுச்சேலை, குரங்குக் குல்லா, கூப்பிய கை, பின்னால் மார்க்ஸ். எந்த நாட்டில் எந்தச் சுவரில் அந்தப் படம் இருக்கிறதோ.

அந்தப் பிறந்த நாளையொட்டி ஊர்க்காரர்கள் இன்னொரு காரியம் செய்தார்கள். மார்க்ஸ் படம் போட்ட பூஜ்ய யூரோ நோட்டு அச்சடித்தார்கள். மதிப்பு பூஜ்யம். விலை மூன்று யூரோ. அமோக விற்பனை. உபரி மதிப்பு என்றால் என்ன என்று நீங்கள் என்னைத் திண்ணையில் உட்கார வைத்து மணிக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தீர்களே, அப்போது விளங்காதது இப்போது விளங்கிவிட்டது. ஒரு நோட்டு உங்களுக்காக இத்துடன் வைத்திருக்கிறேன். போக்குவரத்து விளக்கு ஒன்றிலும் அவர்தான். சிவப்பு விளக்கில் நிற்கிறார், பச்சையில் நடக்கிறார். மார்க்ஸ் சிவப்பில் நின்றுவிடுவதைப் பற்றிச் சங்கத்தில் விவாதித்துக்கொள்ளுங்கள்.

வாசலைத் தாண்டினால் சிமியோன் தெரு. அதே சாமியார் பெயர்தான். இந்தத் தெரு வீட்டில்தான் மார்க்ஸ் சிறுவயது முழுக்க வளர்ந்தார். ஜன்னலைத் திறந்தால் ரோமானிய வாசல்.

பெரிய சந்தைச் சதுக்கத்தில் சிவப்பு வீடு என்று ஒன்று. அதன் முகப்பில் லத்தீனில் தலபுராணம் எழுதியிருக்கிறது. ரோம் தோன்றுவதற்கு 1,300 வருடம் முன்பே ட்ரியர் இருந்தது என்று தைரியமாகச் சொல்கிறார்கள். அசீரிய நாட்டு இளவரசன் த்ரெபேட்டா, சித்தி கொடுமை தாங்காமல் நாட்டைவிட்டு வந்து இந்த ஊரை அமைத்தானாம். ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கில் ஊரை உண்டாக்கியது அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் ஆட்கள், கி.மு. 16 வாக்கில். அம்மாவுக்கு அகஸ்டஸ் கதை பிடிக்கவில்லை. சித்தி கதையை முழுக்கச் சொல்லச் சொன்னார்.

பேராலயத்தின் வாசலில் ஒரு கருங்கல் தூண் துண்டாகக் கீழே கிடக்கிறது. அதற்கும் கதை. தேவாலயம் கட்ட ஆள் போதவில்லையாம். பெரிய சாராயக்கடை கட்டுகிறோம் என்று சொல்லிச் சாத்தானையே வேலைக்குச் சேர்த்தார்களாம். அவனும் மாங்கு மாங்கென்று தூண் சுமந்தான். கடைசியில் மணி அடித்துப் பூசை ஆரம்பித்தபோதுதான் ஏமாந்தது தெரிந்தது. கோபத்தில் ஒரு தூணைத் தூக்கி எறிந்தான், அதுதான் இது. கூலியும் கொடுக்காமல் பொய்யும் சொல்லி வேலை வாங்கினால் சாத்தானுக்கும் கோபம் வரத்தானே செய்யும்? நிஜத்தில் அது நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கட்டடத்தின் தூண். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் ஏறிச் சறுக்கி அதை வழவழவென்று ஆக்கிவிட்டார்கள். சின்னவள் அதைவிட்டு நகரவில்லை. ஏசுநாதர் அணிந்த தையலில்லா அங்கி இந்த ஆலயத்தில்தான் இருப்பதாக நம்புகிறார்கள். கடைசியாக 2012-ல் வெளியே வைத்தபோது ஐந்து லட்சத்துக்கும் மேலான ஜனங்கள் வந்தார்களாம். நாங்கள் போனபோது தரிசனம் இல்லை.

கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் அரசவை மண்டபம் அடுத்தது. 67 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலம், 33 மீட்டர் உயரம். உள்ளே ஒரு தூண் கிடையாது. கி.பி. 310 வாக்கில் கட்டியது. ஒரு காலத்தில் பேராயர்களின் அரண்மனைக்குச் சுவராக இருந்தது, இப்போது புராட்டஸ்டன்ட் தேவாலயம். டப்பா, டப்பா. 1944-ல் குண்டு விழுந்து எரிந்து, திரும்பவும் எடுத்துக் கட்டினார்கள். உள்ளே போனதும் எல்லோரும் வாயடைத்து நின்றோம். அம்மா மட்டும் மெதுவாக உதடு அசைத்துக்கொண்டிருந்தார். பிரார்த்தனை என்று நினைத்தேன். "ஒரு பந்திக்கு எண்ணூறு பேரு உக்காரலாம். சமையக்கட்டு எங்கே?" என்றார்.

இந்த மண்டபத்துக்குத் தரைக்கு அடியில் சூடாக்கும் ஏற்பாடு இருந்தது, மாமா. தரையைச் சின்னச் சின்னக் கால்கள் மேல் நிறுத்தி, வெளியே அடுப்பு மூட்டி, அந்த அனலைத் தரைக்கு அடியிலும் சுவருக்குள்ளும் ஓட விட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இவர் சூட்டுக் குமிழை 18-க்கு மேல் திருப்ப விடமாட்டார். வருடக் கடைசியில் வீட்டுக்காரர் அனுப்புகிற சூட்டுக் கட்டணக் கணக்கு அப்படி. கான்ஸ்டன்டைனுக்கு அந்தக் கணக்கு வரவில்லை. அடுப்பில் விறகு தள்ளியது அடிமைகள். சின்னவளுக்கு இதைச் சொன்னபோது, "அவங்களுக்கும் உள்ளே வந்து குளிர் காய விடுவாங்களா?" என்று கேட்டாள். உங்கள் பேத்திதான்.

பக்கத்தில் இளஞ்சிவப்பு அரண்மனை, அதன் முன்னால் புல்வெளித் தோட்டம். அங்கே உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். புளியோதரை வாசனைக்கு ஒரு ஜெர்மன் தம்பதி திரும்பிப் பார்த்தது. அம்மா அதை அழைப்பு என்று எடுத்துக்கொண்டு ஒரு டப்பா மூடியில் வைத்துக் கொடுத்துவிட்டார். ஊறுகாயைத் தனியாக எடுத்து முழு நெல்லிக்காயையும் வாயில் போட்ட அந்த மனிதரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் மரியாதைக்காரர். "பிரமாதம்" என்று கண்ணில் தண்ணீரோடு சொன்னார்.

தோட்டத்தின் ஓரத்திலேயே அருங்காட்சியகம். இங்கேதான் அம்மா உண்மையில் ஊருக்கு வந்த பலனை அடைந்தார். 1993-ல் வண்டி நிறுத்தும் நிலவறைக்காகப் பள்ளம் தோண்டியபோது ஒரு பாத்திரம் நிறைய ரோமானியப் பொற்காசு கிடைத்தது. 2,500-க்கும் மேற்பட்ட காசுகள், 18.5 கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் குவியலாக வைத்திருக்கிறார்கள். அறை இருட்டு, தங்கத்தின் மேல் மட்டும் வெளிச்சம். அம்மா அசையவில்லை. இவர் எடையைச் சொன்னார். அம்மா விரல் மடக்கினார். "ரெண்டாயிரத்து முன்னூத்திப் பன்னெண்டு பவுனு. கூட அரைப் பவுனு" என்றார். இவர் கைப்பேசியில் போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. இன்றைய விலைக்கு என்ன வரும், செய்கூலி சேதாரம் உண்டா, காசாக விற்றால் லாபமா உருக்கினால் லாபமா என்று விசாரணை நீண்டது. 2019-ல் திருடர்கள் ராத்திரி இதே அறைக்குள் புகுந்து, கண்ணாடியை உடைக்க முடியாமல் வெறுங்கையோடு ஓடினார்கள் என்று இவர் சொன்னதும் காவலாளி எங்களையே பார்க்க ஆரம்பித்தார். குரங்குக் குல்லாவைக் கழற்றச் சொன்னேன். மறுத்துவிட்டார்.

அந்தக் குவியலில் நீரோ காலம் தொட்டு நூற்று முப்பது வருடத்துச் சக்கரவர்த்திகளின் முகம் இருக்கிறது. கழிப்பறை வரி போட்ட வெஸ்பாசியனும் உண்டு. கொழுத்த கழுத்து, வழுக்கைத் தலை. "இவனா!" என்று அம்மா முறைத்தார். அங்கே நிற்கும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது, மாமா. இதே ஆள் நம் பக்கமும் வந்திருக்கிறான். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை. பெரும்பாலானவற்றில் ராஜாவின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. நாணயமாகச் செல்லாது, தங்கமாக மட்டும் செல்லும் என்று அர்த்தம். முகம் யாருடையதாக இருந்தால் நமக்கென்ன, எடை சரியா என்று பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பவுன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டாயிரம் வருடத்தில் நாம் ஒன்றும் மாறவில்லை.

மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் கொடுத்த விலை அது. வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டெர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று பிளினி என்ற ரோமானிய எழுத்தாளன் அந்தக் காலத்திலேயே புலம்பி எழுதி வைத்தான். நம் அமராவதி மணலில் ரோமானியக் காசு கிடைப்பதை நீங்கள்தான் எனக்கு முதலில் சொன்னீர்கள். சேரனின் வஞ்சி நம் கரூர்தான் என்று யாரோடாவது சண்டை போடும்போதெல்லாம் அதைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள். இன்றைக்கும் கரூர்த் துணி ஜெர்மன் வீட்டு மேசைமேல் கிடக்கிறது. காசு மட்டும் இப்போது வங்கி வழியாகப் போகிறது.

அரசுக் குளியல் மாளிகையைப் பற்றி நீங்கள் ரசிப்பீர்கள். கி.பி. 300 வாக்கில் பிரம்மாண்டமாக ஆரம்பித்த திட்டம். வெந்நீர் மண்டபம், குளிர்நீர் மண்டபம், அடியில் வேலைக்காரர்கள் நடக்க இரண்டடுக்குச் சுரங்கப்பாதை. பாதி கட்டி முடிக்கும்போது கான்ஸ்டன்டைன் கிழக்கே போய்விட்டார். வேலை நின்றது. பிறகு வந்த அரசு திட்டத்தை மாற்றிக் குளியல் மாளிகையைப் படைவீரர் குடியிருப்பாக்கிவிட்டது. ஒருவர்கூட அங்கே குளித்ததில்லை. அடிக்கல், பாதிக் கட்டடம், ஆட்சி மாற்றம், வேறு துறைக்கு ஒப்படைப்பு. இதையெல்லாம் நாம் கண்டுபிடித்ததாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தைகள் சுரங்கத்துக்குள் கண்ணாமூச்சி ஆடியதில் அரை மணி நேரம் போயிற்று. கான்ஸ்டன்டைன் பிடித்து வந்த இரண்டு ஃபிராங்க் ராஜாக்களை மிருகங்களுக்குப் போட்ட வட்டரங்கம் மேட்டுப் பக்கம் இருக்கிறது. அதுவரை நடக்க அம்மாவின் கால் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவனும் இவரும் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சிங்கம் இல்லை என்று பெரியவனுக்கு வருத்தம்.

கடைசியாகத் தோழர் வீடு. பாலத் தெரு, பத்தாம் எண். 1818 மே 5 அன்று இங்கே பிறந்தார். வாடகை வீடு; அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் சிமியோன் தெருவுக்கு மாறிவிட்டது. 1928-ல் சமூக ஜனநாயகக் கட்சி இந்த வீட்டை வாங்கியது. 1933-ல் நாஜிகள் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது அருங்காட்சியகம். அவர் கடைசிக் காலத்தில் உட்கார்ந்திருந்தது என்று சொல்லப்படுகிற சாய்வு நாற்காலி உள்ளே இருக்கிறது. எல்லாச் சுவரிலும் நிறைய எழுத்து. அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டி, "இத்தனை எழுதினவருக்கு சோத்துக்கு வழி இருந்துச்சா?" என்று கேட்டார். அவ்வளவாக இல்லை, நண்பர் எங்கெல்ஸ்தான் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார் என்றேன். "அந்தப் பொண்டாட்டி என்ன பாடு பட்டாளோ" என்றார். ஜென்னியும் இந்த ஊரில் வளர்ந்தவர்தான். கட்சி ஆபீசில் ஜென்னியின் படத்தையும் மாட்டச் சொல்லி உங்கள் அக்கா உத்தரவு. அத்தையும் இதை ஆமோதிப்பார் என்று நினைக்கிறேன்.

அந்தத் தெருவிலேயே நேரே நடந்தால் ஆறு, ஆற்றின் மேல் ரோமானியப் பாலம். தூண்கள் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, மேலே உள்ள வளைவுகளைப் பிரெஞ்சுக்காரர்கள் 1689-ல் வெடிவைத்துத் தகர்த்தபின் பதினெட்டாம் நூற்றாண்டில் திரும்பக் கட்டினார்கள். இன்றும் அதன்மேல் கார்கள் போகின்றன. நாற்பது வருடம் பஸ்ஸுக்கு பாடி கட்டியவர் நீங்கள்; அந்தத் தூணின் கறுப்புக் கல்லைத் தட்டிப் பார்க்காமல் வந்திருக்க மாட்டீர்கள். ஜெர்மனியில் இன்னும் நிற்கிற பாலங்களிலேயே பழையது அதுதான்.

திரும்பி வரும்போது ரயிலில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அம்மா மட்டும் விழித்திருந்தார். "நம்மூர்லயும் ரோமாக்காரன் காசு இருக்குதுன்னியே, அதை எங்க வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். கரூரிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, பிறந்ததிலிருந்து அந்த ஊரில்தானே இருக்கிறாய், போனதில்லையா என்றேன். "உங்க மாமனும் போனதில்ல" என்று உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார். ஆகவே மாமா, டிசம்பரில் நாங்கள் ஊருக்கு வருவதற்குள் அது எந்த நாளில் விடுமுறை, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று விசாரித்து வையுங்கள். எல்லோரும் சேர்ந்து போகலாம். அத்தையையும் அழைத்து வாருங்கள். கட்டுச்சோறு எங்கள் பொறுப்பு. பவுன் கணக்குப் பார்க்க அம்மா வருவார்.

அன்புள்ள மருமகள்,
செல்வி